லேபிள் உரித்த பாட்டில்

ஊசியில் நூல் கோக்க முடியாமல் தையல்காரர் திணறுவதைப் பார்த்ததுமே அவர் மனைவி கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

முகமெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. அவளை வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டு, சட்டை நாளைக்குத்தான் கிடைக்கும் என்றார்.

காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் எழுந்துபோன மனிதர். எழுந்துபோக வைத்தது அவள்தான். வெட்டுத்துணி மூட்டைக்குள் காலிக் குளிர்பான பாட்டிலைப் பார்த்துவிட்டு, தட்டு வைத்த நேரத்தில் பிடிபிடியென்று பிடித்தாள். திருட்டுத்தனமாகக் குடித்துக் குடித்து என்னை நடுத்தெருவில் விடப்போகிறீர்கள் என்றாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டுத் தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. உடனே இனிப்பு உள்ளே போக வேண்டும்.

சமையலறைக்கு ஓடினாள். அங்கே என்ன இருக்கும்? சர்க்கரை, தேன், ஜாம் எல்லாவற்றையும் வீட்டைவிட்டுத் துரத்தியவளே அவள்தானே.

அப்போதுதான் மூட்டை நினைவுக்கு வந்தது. காலி பாட்டில் இருந்தால் நிறைந்ததும் இருக்கும். இத்தனை வருடக் குடித்தனத்தில் இதுகூடவா தெரியாது?

துணிகளை வாரி இறைத்தாள். அடியில் கிடந்தது, லேபிள் உரித்த முழு பாட்டில் ஒன்று. என்ன பானம் என்று அவளுக்குத் தெரியக் கூடாதாம், பெரிய சாமர்த்தியம். அந்தத் திருட்டுப் புத்தியை முதன்முதலாகக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"முழுங்குங்க... இன்னும் ஒரு வாய். இனிமே நான் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்க."

பாதி பாட்டில் உள்ளே போயிற்று. காத்திருந்தாள். நடுக்கம் நிற்கவில்லை, கூடியது. தலை மெஷின்மேல் சாய்ந்தது.

பாட்டிலைத் தன் வாயில் கவிழ்த்துக்கொண்டாள். முதலில் தித்தித்தது. பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு தங்கியது.

அவளுக்குத் தெரிந்த கசப்புதான். சர்க்கரை இல்லாத பானம் என்று ஆசையாக ஒருமுறை வாங்கி வந்தாள். இதை மனுஷன் குடிப்பானா என்று அவர் தள்ளிவிட, அவளே குடித்துத் தீர்த்தாள்.

ஆக, மனிதர் எப்போதோ சர்க்கரை இல்லாததற்கு மாறிவிட்டார். தோற்றதை ஒப்புக்கொள்ள மனம் வராமல் லேபிளை உரித்திருக்கிறார். காலையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் எங்கே சொல்லவிட்டாள்?

செருப்புக்கூடப் போடாமல் ஓடி எதிர்வீட்டுக் கதவை இடித்தாள். திறந்த அக்காவிடம், ஒரு கை சர்க்கரை, சீக்கிரம் என்றாள். இரண்டு கைகளையும் ஏந்தினாள்.

அந்த அக்கா வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"உன் வீட்டுக்காரர் கெஞ்சினாலும் ஒரு சிட்டிகைகூடக் குடுக்காதீங்கன்னு தெருவுக்கே சொல்லி வெச்சவ நீதானே? இப்ப உன்னையே அனுப்பிட்டாரா?"