மிச்சமிருந்த இரண்டு

கட்டிலுக்குச் சண்டையே வரவில்லை. இருவருக்குமே அது வேண்டாம்.

பீரோவுக்குத்தான் அரை மணி நேரம் ஆனது. ஒரு வழியாக அது அவள் பக்கம் வந்தது. சமரச மையத்து மத்தியஸ்தர் அம்மா கெட்டிக்காரர். கோர்ட்டுக்குப் போனால் விவாகரத்து வருடக்கணக்கில் இழுக்கும் என்று சொல்லிச் சொல்லியே இருவரையும் இறங்கி வர வைத்துவிட்டார்.

"வேற ஒண்ணும் பாக்கி இல்லீங்களே? எழுதிரட்டுமா?"

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் மறந்திருக்க வேண்டும். கடவுளே, மறந்திருக்க வேண்டும்.

"ஆஸ்பத்திரில ரெண்டு இருக்குதுங்க, மேடம்," என்றான் அவன்.

மத்தியஸ்தருக்குப் புரியவில்லை. அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. குழந்தைக்காக வருடக்கணக்கில் ஊசி போட்டு அலைந்தது. வைத்த கரு ஒவ்வொன்றும் தங்காமல் போனது. மீதி இரண்டை அங்கேயே உறைய வைத்திருப்பது. இனி உன்னிடம் கருமுட்டை இல்லையம்மா என்று டாக்டர் கைவிரித்தது. எல்லாவற்றையும் மேஜையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அத எனக்குக் குடுத்துரச் சொல்லுங்க. பீரோ, நகை, ஒண்ணும் வேண்டாம்."

"அழிச்சிரணும்ங்க."

அவன் குரல் கம்மாமல் இருந்திருந்தால் அவனைச் சபித்திருப்பாள்.

"எம் புள்ள எங்கயோ வளரும். நான் எப்படிங்க மேடம் நிம்மதியாத் தூங்கறது?"

எம் புள்ள என்று அவன் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

மத்தியஸ்தர் அவளைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார். அவன் கையெழுத்து இல்லாமல் ஆஸ்பத்திரி தராது. வழக்குப் போடலாம். தீர்ப்பு வரும்போது அவளுக்குச் சுமக்கிற வயது தாண்டியிருக்கும். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

தாளில் பீரோவுக்கு மூன்று வரி. இதற்கு ஒன்று.

கையெழுத்துப் போட்டாள். அவனும் போட்டான். மத்தியஸ்தர் தாள்களைச் சேர்த்துத் தட்டி அடுக்கினார். அவன் எழுந்துவிட்டான்.

அவள் எழவில்லை.

"அழிக்கறப்போ நான் பக்கத்துல இருக்கலாமுங்களா?"

மத்தியஸ்தர் பேனாவை மூடினார். திறந்தார்.

எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான்.