முதல் ஆள், கடைசி ஆள்

“நான் முதல் ஆளா நிப்பேன். அவன் கடைசி ஆளா நிக்கட்டும். அதுக்குச் சம்மதம்னா குடும்பப் போட்டோவுக்கு வரேன்” என்றார் அப்பா, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

அவன் என்றால் சித்தப்பா. அவர் இரவல் வாங்கிப்போன ஏணி ஒரு படி உடைந்து திரும்பி வந்த நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. நாளைக்குச் சித்தப்பா குடும்பத்தோடு வேறு ஊருக்குக் குடிபோகிறார். அதற்குள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். படம் எடுப்பதுதான் அவள் தொழில்.

“சரிப்பா. அவர்தான் கடைசி” என்றாள். மனசுக்குள் ஒரு குதி குதித்துக்கொண்டாள்.

முற்றத்தின் நடுவில் ட்ரைபாடை நிறுத்தினாள். மட்டக் குமிழி நடுவுக்கு வரும்வரை அதன் கால்களை ஏற்றி இறக்கினாள். மேலே சுழலும் தலையில் கேமராவைச் செங்குத்தாகப் பூட்டினாள். கிட்டே இருந்த துணிக்கொடிக் கம்பமும் தூரத்து ஜன்னல் கம்பியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும்படி வைத்து, இடமும் வலமும் திருப்பிப் பார்த்தாள். இரண்டும் விலகின. கேமராவை ஒரு நூல் பின்னால் தள்ளினாள். திருப்பினாள். இன்னும் விலகல்.

“இன்னும் எவ்வளவு நேரம்மா? பூசின பவுடரெல்லாம் வழியுது” என்றாள் சித்தி.

“கேமரா சுத்தும்போது கம்பமும் கம்பியும் பிரியக் கூடாது சித்தி. பிரிஞ்சா, படத்தை ஒட்டும்போது உங்க மூக்கு ரெண்டாயிடும்.”

“ஒண்ணே போதும் தாயே. நீ நிதானமாவே பண்ணு.”

அப்பா தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ட்ரைபாட் நடுவில் இல்லை, அரை அடி நகர்த்து என்றார். அளந்து பார்த்தாள். அவர் சொன்னது சரி.

ஒருவழியாகக் கம்பமும் கம்பியும் ஒட்டிக்கொண்டன. எந்தப் பக்கம் திருப்பினாலும் பிரியவில்லை. திருகை இறுக்கினாள்.

கேமராவைச் சுற்றி எல்லோரையும் நிறுத்தினாள். கேட் ஓரமாக அப்பா. அவருக்கு இடப்பக்கம் அம்மா, அப்புறம் அத்தைகள், மாமாக்கள், வாண்டுகள், சித்தி. கடைசியில் சித்தப்பா. துண்டு துண்டாக எடுத்து ஒட்டினால் ஒரே நீளப் படம் ஆகிவிடும், அதுவரை யாரும் லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று மிரட்டி வைத்தாள். அப்பா சிலை மாதிரி நின்றார்.

கேமரா கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முழுச் சுற்று திரும்பி வந்தது. சித்தப்பாவிடம் வந்ததும் அவள் நிறுத்தினாள்.

“சித்தப்பா, கடைசித் துண்டு முதல் துண்டோட சேரணும். இடப்பக்கமா ஓர் அடி வாங்க. இன்னும் கொஞ்சம்.”

தோளோடு தோள் இடித்தது. அந்த நொடியில் பொத்தானை அமுக்கிவிட்டாள்.

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் அண்ணன். முகம் சிவந்துவிட்டது.

“முதல் ஆள், கடைசி ஆள்னு சொல்லி உன் பொண்ணு நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டா.”

ஏணிக்குப் பிறகு அவர் அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அப்பா தம்பியின் தோளில் கையைப் போட்டார்.

“அவளைத் திட்டாதடா. காலமெல்லாம் கரும்பலகையில வட்டம் போட்டே சம்பளம் வாங்கினவன் நான். முதல் ஆளுக்குப் பக்கத்துல யார் வந்து நிப்பான்னு எனக்குத் தெரியாதா?”