ஆறு கிலோ சைக்கிள்

சீனத் தொழிற்சாலையிலிருந்து நேரே முள்ளியவளைக்கு வந்திறங்கிய காபன் நார்ச் சைக்கிள் சட்டத்தை மீன் தராசில் தொங்கவிட்டார் சதானந்தன். ஒரு கிலோகூட இல்லை. முகம் மலர்ந்தது.

"பழைய சைக்கிளுக்கு என்ன குறை?" என்றாள் மனைவி ஜெயரூபி.

"சரியான பாரமப்பா. ஒவ்வொரு நாளும் காத்துப் போய், வயலிலயிருந்து உருட்டி உருட்டியே தோள்மூட்டு விட்டுப்போச்சு."

"அதுக்கு ரியூப்பை மாத்தினால் காணுமே!"

அவர் ஒவ்வொரு பாகத்தையும் தராசில் நிறுத்து நிறுத்துப் பூட்டினார். மாலையில் சைக்கிள் தயார். மொத்தம் ஆறு கிலோ.

"பெடலைக் காணேல்லை?"

"ரெண்டும் முந்நூறு கிராம். வீண் பாரம்."

"பெடல் இல்லாமல் எப்பிடி ஓடுறது?"

வேலிக்கு அப்பால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார் சதானந்தன்.

"ஓடத் தெரிஞ்சால், இருபது வருசமா நானே ஏனப்பா காத்தைத் திறந்துவிட்டனான்?"