கனத்த தூக்குச்சட்டி

“பாண்டீஸ்வரி, ஜீப்பை விட்டு இறங்கு. அந்தத் தூக்குச்சட்டியைக் கொண்டா இங்க.”

போடிமெட்டு ஏலத்தோட்டத்து வாசலில், வேலை முடிந்து கிளம்ப இருந்த ஜீப்பை மறித்து நின்றான் சூப்பர்வைசர் சூர்யபிரகாஷ். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பதினாலு பெண்களும் கப்சிப்.

தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒருத்தி சட்டியில் ஏலக்காய் பிடிபட்டால் போதும், அந்த ஜீப்பில் வருகிற அத்தனை பேருக்கும் மறுநாளிலிருந்து வேலை கிடையாது.

மோப்பம் பிடித்தவர் வாட்ச்மேன் காசிமாயன்.

“காலையில சோத்தோட வருது சார், சட்டிய ஒத்தக் கையில வீசிக்கிட்டு வருது. சாயங்காலம் வெறுஞ்சட்டிய ரெண்டு கையாலயும் தூக்கிட்டுப் போகுது. எனக்கென்னமோ சரியாப் படலை.”

பாண்டீஸ்வரி இறங்கினாள். சட்டியை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

“இங்க வேணாம் சார். அப்படி ஓரமா வாங்க, திறந்து காட்டுறேன்.”

“ஏன், ஓரமா வந்தா எனக்கும் பாதி தருவியோ?”

“அடி பாவி, என்னடி பண்ணித் தொலைச்ச?” ஜீப்புக்குள்ளிருந்து இருளம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “பதினாலு வீட்டு அடுப்புலயும் தண்ணிய ஊத்திட்டியேடி!”

அந்த நேரம் பார்த்து சூர்யபிரகாஷின் போன் அடித்தது. அம்மா. பார்த்ததுமே கட் பண்ணினான்.

எடுத்தால் விடமாட்டாள். அப்பா போனபிறகு போடி வீட்டு மொட்டைமாடியில் பன்னிரண்டு செடிப் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு, தக்காளி, கத்திரி, அவரை என்று ஆரம்பித்துவிட்டாள். பூ உதிருது, இலை சுருளுது, அது வேணும், இது வேணும் என்று ஆறு மாசமாக இதே பாட்டு. அவனும் “சரிம்மா” என்று சொல்லிச் சொல்லியே போனை வைப்பான். மாசத்துக்கு ஒருதரம் ஊருக்குப் போகிறவன், ஒருநாள்கூட மாடி ஏறிப் பார்த்ததில்லை.

“திற.”

“சார், நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“திறக்கிறியா, இல்ல நாளைக்கு வீட்டுலயே நின்னுக்கிறியா?”

பாண்டீஸ்வரி கெஞ்சவில்லை, கும்பிடவில்லை. மூடியைத் திறந்தாள்.

மண்!

மரத்தடியில் இலை மக்கிக் கிடக்கிற மலைமண், கறுகறுவென்று சட்டி நிறைய. காசிமாயன் நம்பாமல் கையை விட்டுக் கிண்டினார். அடிவரைக்கும் மண்தான். ஒரு காய்கூட இல்லை.

ஜீப்பு மொத்தமும் மூச்சு விட்டது. இருளம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

“காயைக் கடத்துறாளோன்னு பாத்தா, இவ மலையையில்ல கடத்துறா!”

“இப்படியே அள்ளுனா போடிமெட்டு நம்ம வீட்டு வாசலுக்கே வந்துரும். நான் ஜீப்பு ஓட்ட வேண்டிய சோலியே இருக்காது” என்றார் டிரைவர் திருப்பதி.

சூர்யபிரகாஷுக்கும் அப்பாடா என்றிருந்தது. அத்தனை பேர் பிழைப்பைக் கெடுத்த பாவம் நமக்கு வேண்டாம் சாமி. முகத்தில் அசட்டுச் சிரிப்பு.

“மண்ணு எதுக்கு?”

“மாடியில பையில காய் போடத்தான் சார். வெறும் தேங்கா நார்த்தூள்ல செடி பழுத்துப் போகுது. இதைக் கலந்தாத்தான் வேர் பிடிக்குது.”

“இதுக்கு ஏன் ஒளிச்சு மறைச்சுக் கொண்டுபோகணும்? ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒரு மூட்டையே தூக்கிக் குடுத்திருக்க மாட்டேனா?”

பாண்டீஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜீப்பிலிருந்து பார்க்கிற அத்தனை கண்களையும் ஒரு தரம் பார்த்தாள். சட்டியை மூடிக்கொண்டாள்.

மறுபடி போன். பாரம் இறங்கிய சந்தோஷத்தில் எடுத்தான்.

“சொல்லும்மா.”

“சோலியா இருப்பேன்னு தெரியும்யா. ஒத்த வார்த்தை சொல்லிட்டு வச்சிர்றேன். தக்காளி பழுத்திருச்சு! எல்லாம் நீ குடுத்துவிட்ட மண்ணுதான்.”

“எந்த மண்ணும்மா?”

“அதான், அந்தப் பாண்டீஸ்வரி புள்ளகிட்ட தெனமும் தூக்குச்சட்டியில குடுத்து விடுறியே. முன்னெல்லாம் அது நம்ம தெரு முக்குல இறங்குனதும், ‘எம் மகன் மண்ணு குடுத்துவிட்டானா’ன்னு போய் நிப்பேன். இல்லைன்னு சொல்ல அதுக்கே சங்கடமா இருக்கும். இப்ப எட்டுப் பை நிறைஞ்சிருச்சு. நான் கேட்டதை நீ மறந்துட்டேன்னுதான்யா நெனைச்சேன்...”

சூர்யபிரகாஷை வெட்கம் பிடுங்கித் தின்றது. நிமிர்ந்து பாண்டீஸ்வரியைப் பார்த்தான்.

“எந்த மண்ணும்மா” என்று அவன் கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. வேலை போகும் என்றபோது கும்பிடாதவள், சட்டியைத் தரையில் வைத்துவிட்டு இப்போது இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். ‘இல்லைன்னு சொல்லிராதீங்க’ என்று வாயை மட்டும் அசைத்தாள்.

“என்னய்யா, லைன்ல இருக்கியா?”

“இருக்கேம்மா. ஆமா, நான்தான் குடுத்துவிட்டேன். மிச்சப் பைக்கு ஞாயித்துக்கிழமை நானே மூட்டையோட வர்றேன்.”

“வா ராசா. அப்புறம் இன்னொண்ணு. அந்தப் புள்ள உனக்காக இம்புட்டுத் தூரம் தெனம் சுமந்துட்டு வருது. அங்க யாரும் அதை ஒரு சொல்லு சொல்லிராம பாத்துக்கய்யா.”

“சரிம்மா” என்றான்.

குனிந்து தூக்குச்சட்டியை எடுத்தான்.

“நீங்க ஏறுங்கக்கா. இதை நான் பிடிச்சுக்கிறேன்.”