ஆர்லன் போகாத பேஸ்

எங்கள் ஊர் வானொலியில் பேஸ்பால் வர்ணனை செய்வது நானும் கர்ட்டும். அன்றைய மதிய ஆட்டத்தின் நடுவே, செத்துப்போன பழைய ஆட்டக்காரன் ஆர்லனைப் பற்றிப் பேச்சு வந்தது. நூறு முறை மட்டை பிடித்தால் நாற்பது முறையாவது முதல் பேஸுக்கு, ஓடிப்போய் மிதிக்க வேண்டிய முதல் வெள்ளைத் திண்டுக்கு, போய்விடுவான். அவன் காலத்து ஆட்களுக்கு முப்பதே பெரும்பாடு.

"பாதி, அடி வாங்கிப் போனதுதானேய்யா," என்றார் கர்ட்.

உண்மைதான். வீசிய பந்து உடம்பில் பட்டால் முதல் பேஸ் இலவசம். விலாவும் தாடையும் உடைந்தும் சிரித்துக்கொண்டே ஓடுவான். கடைசிப் பந்து நெற்றிப்பொட்டில் பட்டது. அம்பயர் முதல் பேஸைக் காட்டிக் கை நீட்டினார். ஆர்லன் எழுந்திருக்கவில்லை. அவனுக்குப் பதிலாக ஓட ஆள் அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பந்தை வீசியவர் கர்ட்.

"அதையும் சேத்துத்தான் கணக்கு," என்றேன்.

"எதுக்கு? ஒதுங்காம அவனே தலையக் கொண்டாந்து குடுத்தான். விதிப்படி பேஸ் கிடையாது. போகவும் இல்லையே!" மைக்கிலேயே சொன்னார்.

கீழே மட்டை சுழன்றது. பந்து எங்கள் வர்ணனை அறையின் திறந்த ஜன்னல் வழியாக வந்து கர்ட்டின் பொட்டில் இறங்கியது. எலும்பு நொறுங்கியது ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். காதில் ரத்தம் கொட்ட, மேசைமேல் சரிந்தார்.

உதவிக்குக் கத்தியபடி எட்டிப் பார்த்தேன். மைதானமே எங்கள் ஜன்னலைப் பார்த்து நின்றது. சுண்ணாம்புக் கோட்டோரம் மட்டும் ஆளில்லாமலே காலடி காலடியாகப் புழுதி கிளம்பி, அவசரமில்லாமல் முதல் பேஸை நோக்கிப் போனது. அங்கே காவல் நின்ற ஆட்டக்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒதுங்கி வழிவிட்டான்.

வெள்ளை பேஸ் அமுங்கியது. மறுபடி எழும்பவில்லை.