ஆட்சேபம் எழுதிய ஆள்

"அந்தக் கடுதாசியை எழுதினவன் இந்த ஹாலுக்குள்ளதான் இருக்கான். இன்னிக்கு அவனை விடப்போறதில்லை!"

எங்கள் ஊர் டுவேன் காபிக் கோப்பையை மேஜையில் ஓங்கி வைத்தார். பள்ளிக்கூட ஹாலே திரும்பிப் பார்த்தது.

வடக்கு டகோட்டாவில் எங்கள் வட்டாரத்துக்கே அன்று திருநாள். முப்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கூட்டுக் குடிநீர்த் திட்டம் அன்று காலைதான் திறக்கப்பட்டது. கிணற்றில் டீ நிறத்தில் வந்ததையே குடித்து வளர்ந்த ஜனங்கள், குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டுக்கு ஒரு பாத்திரம் ஹாட்டிஷ் என்கிற அடுப்பில் வேகவைத்த கூட்டுச் சாப்பாட்டோடு வந்து ஹாலை நிறைத்துவிட்டார்கள்.

டுவேனுக்கு மட்டும் கோபம் அடங்கவில்லை.

"கடுதாசி போட்டுத் திட்டத்தைப் பதினாலு மாசம் இழுத்தடிச்சான். அதைக்கூட மன்னிச்சுடுவேன். தோராவை நெனைச்சாதான் மனசு ஆறல."

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். முதலில் போட்ட வரைபடத்தில் குழாய் தோராவின் வாசலை ஒட்டித்தான் வந்தது. சுற்றுச்சூழல் ஆய்வு நடந்தபோது, வாத்துக் குட்டைகள் கெட்டுப்போகும் என்று யாரோ ஆட்சேபம் எழுத, பாதை வடக்கே திரும்பிவிட்டது. அந்தப் பக்கம் பத்தொன்பது வீடுகளுக்குத் தண்ணீர் வந்தது. ஒற்றை ஆளாக ஆடு வளர்க்கும் தோரா விட்டுப்போனார். இன்னமும் பிக்கப் வண்டியில் தொட்டியை ஏற்றிக்கொண்டு இருபது மைல் வந்து தண்ணீர் பிடித்துப்போகிறார். அந்த நேரத்தில்கூட வெளியே குழாயடியில்தான் நின்றார்.

டுவேன் நேரே ஓர்வில் முன்னால் போய் நின்றார். அந்தப் பத்தொன்பதில் முதல் வீடு ஓர்விலுடையது.

"நீதானே எழுதினே? வாத்து மேல திடீர்னு என்ன பாசம்? வருஷா வருஷம் சுட்டுத் தின்னும்போது வரலியே?"

ஹால் சிரித்தது.

"சத்தியமா நான் இல்லப்பா. ஓட்டுச் சீட்டுல கோடு போடவே எனக்குக் கை நடுங்கும். நானா கடுதாசி எழுதுவேன்?"

"பின்னே, வாத்தா எழுதுச்சு?"

ஆய்வை நடத்திய அதிகாரி கார்லா, தட்டை வழித்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்கினார்.

"ஏன் இப்படி அடிச்சுக்கறீங்க? வந்த ஒவ்வொரு கடிதத்தையும் பேரோட அச்சடிச்சுப் பதில் சொல்லணும்னு விதி. அறிக்கையோட கடைசியில எல்லாம் இருக்கு. ரெண்டு வருஷமா உங்க நூலகத்துலதான் கிடக்கு. ஒருத்தராவது புரட்டினீங்களா?"

ஒருவரும் புரட்டவில்லை. அறுநூறு பக்கம் ஆயிற்றே! ஒன்றைத் திட்டுவதற்கு அதைப் படித்திருக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் யாரும் நினைப்பதில்லை.

நூலகம் அடுத்த அறைதான். டுவேன் போன வேகத்தில் தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தோடு திரும்பினார். மேடையேறி மைக்கைத் தட்டினார்.

"எல்லாரும் கேளுங்க! யாரோட சுயநலம்னு இப்ப தெரிஞ்சுடும்."

படித்தார்.

"'இப்போதைய பாதை குட்டைகளின் குறுக்கே போகிறது. தோண்டினால் வாத்துகள் முட்டையிடும் இடம் வற்றிவிடும். வடக்குச் சாலை ஓரமாகப் போனால் ஒரு குட்டையும் கெடாது. அங்கே பத்தொன்பது குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைச் சேர்க்க மறந்துவிட்டீர்கள். மாற்றுப் பாதையை ஆராயாமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று உங்கள் விதியே சொல்கிறது...'"

குரல் இறங்கியது. கண் அடுத்த வரியில் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டே? பேரைச் சொல்லு" என்றார் ஓர்வில்.

டுவேன் மெல்லப் படித்தார்.

"'இதனால் என் வீட்டுக்குக் குழாய் வராது. பரவாயில்லை. நான் ஒருத்தி, என்னிடம் வண்டி இருக்கிறது. இப்படிக்கு, தோரா எங்கபிரெட்சன்.'"

முதலில் எழுந்தவர் ஓர்வில்தான். பிறகு பத்தொன்பது வீட்டாரும் எழுந்தார்கள். பிறகு ஹால் மொத்தமும் எழுந்து கைதட்டியது. கூரையே அதிர்ந்தது. டுவேன் மேடையிலேயே தொப்பியைக் கழற்றிவிட்டார்.

கதவு திறந்தது. நனைந்த கையுறையை உதறியபடி தோரா உள்ளே வந்தார்.

"என்ன, எல்லாரும் எந்திரிச்சுட்டீங்க? சாப்பாடு தீர்ந்துபோச்சா?"