சரி என்றவர்

காலை ஏழே முக்கால். தையல்காரர் கட்டிலில் உட்கார்ந்து தன் வலது காலோடு பேசிக்கொண்டிருந்தார்.

டாக்டர் வார்டு வாசலிலேயே நின்றாள். பாதம் கறுத்துவிட்டது, காலை எடுக்காவிட்டால் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிடும். தையல்காரர் ஆபரேஷன் வேண்டாம் என்கிறார். புத்தித் தெளிவோடுதான் சொல்கிறாரா என்று பார்த்து எழுதுவது அவள் வேலை.

“யார்கிட்ட பேசுறீங்க?”

“இதுகிட்டதான். இத்தனை வருஷம் மிஷின் மிதிச்சிருக்கு. ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேணாமா?”

“எடுக்கலைன்னா என்ன ஆகும், தெரியுமா?”

“செத்துருவேன். ஒரு மாசம், மிஞ்சினா ரெண்டு. முழுசாப் போயிடுறேம்மா. விட்டுடுங்க.”

அவள் அப்பாவும் ஆபரேஷன் வேண்டாம், விட்டுடும்மா என்றுதான் சொன்னார். அவள் விட்டாள். அவர் போய்விட்டார். அன்றிலிருந்து எந்த நோயாளி வேண்டாம் என்றாலும் அவளுக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

காலோடு பேசுகிறார், தெளிவில்லை என்று எழுதினாள்.

“இவர் மகனைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க” என்றாள் நர்ஸிடம்.

பக்கத்துக் கட்டிலில் மளிகைக்கடைக்காரர். அவருக்கும் அதே வியாதி, நாளைக்கு அதே ஆபரேஷன்.

“எடுங்க டாக்டரம்மா, தாராளமா எடுங்க” என்று சிரித்தார். “சிஸ்டர், கட்டிலுக்கு அடியில என் ஷூ இருக்கு. ரெண்டையும் பத்திரமா வைங்க. புதுசு.”

டாக்டரும் சிரித்துவிட்டாள். “பாத்தீங்களா, என்ன தெம்பு!”

நர்ஸ் தயங்கினாள். “இவர்கிட்ட நீங்க ஒண்ணுமே கேக்கலையே, மேடம்?”

“சரின்னு சொல்றவர்கிட்ட என்னத்தைக் கேக்குறது?”

இரண்டு ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தன.

மூன்றாம் நாள் டாக்டர் வந்தபோது தையல்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கூப்பிட்டும் திரும்பவில்லை. முழங்காலுக்குக் கீழே போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அவர் இப்போது எதனோடும் பேசவில்லை.

கடைக்காரர் தன் போர்வையைத் தூக்கி, குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“வாங்க டாக்டரம்மா. இது மறுபடி முளைக்க எத்தனை மாசம் ஆகும்?”